எழுபத்தெட்டுக் கிலோ

அரிசி ஆலைத் தராசில் ஏற்றித்தான் நிறுத்தோம்.
அங்கால் இங்கால் திரும்பாமல் நின்றது,
வெட்டி நிமிர்த்திய பாலைக் குற்றி மாதிரி.
எழுபத்தெட்டு.
"நெல்லு மூட்டையை விடப் பாரம்" என்றார்
ஆலைக்கார மரியநேசன்.
சுவிஸ் வீட்டுக்காரர் வைத்த பெயர் சீசர்.
அன்று மத்தியானத்திலிருந்து அது மூட்டை.

முத்தையன்கட்டு, இடதுகரை வாய்க்காலோரம்
ஏழு அறை வீடு, ஆளில்லை.
வீட்டுக்கு நான் காவல்.
எனக்கு மூட்டை காவல்.
மூட்டைக்கு ஆர் காவல் என்று
சம்பளம் பேசின அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.

மாட்டு டொக்டர்தான் சொல்லித் தந்தார்.
மஸ்ரிப். பெரிய உடம்பு, சின்ன ஆயுள்,
எட்டு வயது போனால் லாபம்.
சோற்றை மூன்று தரமாய்ப் பிரி.
தின்ற கையோடு ஓடவிட்டால் வயிறு முறுக்கும்,
முறுக்கினால் முல்லைத்தீவு போய்ச் சேராது.
ஆகையால் சாப்பிட்டபின் ஒரு மணித்தியாலம்
நானும் அதுவும் சும்மா இருக்கிறோம்.
சும்மா இருக்கச் சொல்லி
எனக்கு ஒருத்தரும் அதுவரைக்கும் சம்பளம் தந்ததில்லை.

வெறும் சீமெந்தில் படுத்தால் முழங்கை தோல் தடிக்கும்:
இரண்டு யூரியாப் பையில் வைக்கோல் அடைந்து தைத்தேன்.
முகத்து மடிப்புக்குள் ஈரம் நின்றால் புண் வரும்:
துணியால் துடை, காய்ந்த துணியால் திரும்பவும் துடை.
காதுக்குள் உண்ணி. கால்விரலிடுக்கில் உண்ணி.
பங்குனி வெயிலில் பத்து மணிக்குப் பிறகு
கேற்றடிக்கும் கூட்டிப் போகாதே.
வீணீர், அது எங்கும்.
என் சட்டையில், கதவில், ஒருநாள்
கிராம சேவகரின் கோப்பில்.

ஊர் நாய்கள் நிலவுக்கும் குரைக்கும், சைக்கிளுக்கும் குரைக்கும்.
இது மாதத்தில் ஒருக்கால்.
அந்த ஒன்றுக்கே
மாமரத்து வௌவால் எல்லாம் எழும்பிப் போனது.
ஆனால் காட்டுக்கரையில் யானைவெடி கேட்டால்
எழுபத்தெட்டுக் கிலோவும் கட்டிலுக்குக் கீழே போகப் பார்க்கும்.
கட்டில்தான் எழும்பும்.
நான் அந்நேரம் சுவர் மூலையில் குந்தியிருப்பேன்.
இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.

மார்கழியில் ஒரு கள்ளன், தண்ணீர்ப் பம்புக்கு.
சத்தமே இல்லை. விடியப்புறம் போய்ப் பார்த்தால்
கிணற்றுக்கட்டோடு ஒரு பொடியன், மேலே மூட்டை சாய்ந்தபடி.
பல்லுப் படவில்லை. நெஞ்சு முழுக்க வீணீர்.
"கடிக்குமோ அக்கா?"
"கடிக்காது. ஆனா விடாது."
மழை நனைந்து விறைத்துப் போயிருந்தான்.
மூட்டையின் வயிற்றுச் சூட்டில்
ஒரு பக்கம் மட்டும் காய்ந்திருந்தது.
தேத்தண்ணி கொடுத்தேன்.
பம்பைத் திரும்பப் பூட்டச் சொன்னேன்.
எனக்குத்தான் அந்த நட்டு இறுக்க வருவதில்லை.

சாய்வது இந்த இனத்தின் குணமாம்.
பிடித்த ஆளின் காலில் பாரத்தைப் போட்டுவிட்டுக்
கண்ணை மூடிக்கொள்ளும்.
முதல் கிழமை இரண்டு தரம் விழுந்தேன்.
என் இடதுகால் பிளாஸ்ரிக், முழங்காலுக்குக் கீழே.
மூட்டை அந்தப் பக்கம்தான் வரும்,
வலதைக் காட்டினாலும் சுற்றிப் போய் அங்கேதான்.
அதில் பாரமும் தெரியாது, சூடும் தெரியாது.
இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கொடுக்கிறேன்.

ஆறு வயது முடிந்துவிட்டது.
எழும்பும்போது பின்னங்கால் இரண்டும் யோசிக்கின்றன.
இரவில் காலைக் கழற்றி அலுமாரியோடு சாத்தி வைப்பேன்.
வைக்கோல் பையை விட்டு எழும்பி வந்து,
ஒரு முறை முகர்ந்து,
அதற்குப் பக்கத்தில் பொத்தென்று விழும்.
வெறும் சீமெந்தில். சொன்னாலும் கேளாது.
முழங்கைக்குத் தேங்காயெண்ணெய் பூசுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் வீட்டுக்காரர்.
பின்னால் பனி கொட்டுகிறது.
"சீசர் ஒழுங்காக் காவல் காக்குதோ?"
ஓம், காக்குது.